குதிரைகளைப் பூட்டுமுன்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, அதைவிடப் பெரியதும் வலியதுமான வேறோர் எஞ்சினை அதே கூட்டுக்குள் பொருத்துவது தகுமா, தகாதா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் சென்ற பருவத்தில், பழங்கார் அணிவகுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த நம் மன்றத்து அன்பர்கள் சிலர் விடுதி உணவுக்கூடத்தில் இதைக் கிளப்பியபோது, சாம்பார் ஆறிப்போகும் வரை வழக்கு ஓயவில்லை.

ஒரு சாரார், "பழம்பொருளைப் பழம்பொருளாகவே வைத்திருக்க வேண்டும், எஞ்சினை மாற்றுவது மூலவரைப் பெயர்த்துவிட்டு வேறு சிலையை நிறுத்துவது போன்றது" என்றார்கள். மற்றொரு சாரார், "கார் ஓடுவதற்கென்றே பிறந்தது, ஓடுகிற பொருள் இன்னும் விரைந்து ஓடினால் யாருக்கு என்ன நட்டம்? குதிரைச் சக்தி கூடினால் இன்பம் கூடும்" என்றார்கள். இரண்டு பேச்சும் கைதட்டலுக்கு உரியவையே. ஆனால் இரண்டிலும் ஒரு சொல் விடுபட்டிருந்தது. அந்தச் சொல் எடை.

எஞ்சின் மாற்றுவதை எதிர்ப்பவன் அல்லன் நான். நன்றாகச் செய்த மாற்றம் பொறியியலில் ஓர் அழகிய செயல் என்பதே என் எண்ணம். ஆனால் மாற்ற முனைகிறவன் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை குதிரை?" என்பதன்று. "எத்தனை கிலோ? அது எங்கே உட்காரும்?" என்பதைத்தான். இதைக் கேளாமல் செய்த மாற்றம், பெரிய தொழிற்சாலையே செய்தாலும் கெட்டது. கேட்டுச் செய்த மாற்றம், தனி மனிதன் ஒருவன் தன் பட்டறையில் செய்தாலும் நின்றது. சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே காரில், பத்தாண்டு கூட இடைவெளியின்றி, இரண்டும் நடந்திருக்கின்றன.

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் சிற்றூர்த் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. என்பதே அந்தக் கார். திறந்த மேற்புறமும் இரண்டு இருக்கையும் உடையது. பின்னர் ஜி.டி. என்ற பெயரில் கூரையிட்ட வடிவமும் வந்தது. எல்லாம் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதன் எஞ்சின் நான்கு சிலிண்டர், 1,798 கன சென்டிமீட்டர், தொடக்கத்தில் 95 குதிரைச் சக்தி. நமக்கு அது முற்றிலும் அயலான் என்று எண்ணிவிட வேண்டாம். நம் அம்பாசடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சின் இதே குலத்தைச் சேர்ந்தது. 'பி வரிசை' என்று இங்கிலாந்தில் அதற்குப் பெயர். எம்.ஜி.பி.க்கு மூத்த எம்.ஜி.ஏ. 1955இல் வெளிவந்தபோது அதன் முகப்புக்குள் இருந்ததும் அந்த 1,489தான். கல்கத்தா வாடகைக் காரும் ஆங்கிலேயச் சீமானின் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! வார்ப்பிரும்பில் செய்த, எதையும் பொறுத்துக்கொள்கிற, கொஞ்சம் சோம்பலான பிள்ளைகள்.

அந்தச் சோம்பல்தான் பலருக்குப் பொறுக்கவில்லை. காரின் உடலழகுக்கு 95 குதிரை போதாது என்றார்கள். இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. உயர்வேகத்தில் கார் போராடுவது பெரும்பாலும் காற்றோடுதான். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக வளர்கிறது. அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடியாக வளர்கிறது. ஆகவே எஞ்சினின் சக்தியை இரட்டித்தால் உச்சவேகம் இரட்டிப்பதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் கூடும். மீதிச் சக்தி எங்கே போகிறது? முடுக்கத்துக்கும் மேடேறுவதற்கும் பயன்படுகிறது. கியரை மாற்றாமலேயே முன்னால் செல்லும் லாரியைக் கடந்துபோகும் சுகத்துக்கும் பயன்படுகிறது. அது உண்மையான சுகம், நான் மறுக்கவில்லை. ஆனால் "இரண்டு மடங்கு சக்தி, இரண்டு மடங்கு வேகம்" என்று உணவுக்கூடத்தில் முழங்கிய நண்பர் கணக்கில் தவறிவிட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

1967இல் தொழிற்சாலையே முன்வந்து எம்.ஜி.பி.யின் உடலுக்குள் பெரிய எஞ்சின் ஒன்றை வைத்தது. பெயர் எம்.ஜி.சி. ஆறு சிலிண்டர் வரிசையாக நின்ற 2,912 கன சென்டிமீட்டர் எஞ்சின்; 145 குதிரைச் சக்தி. தாளில் பார்த்தால் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த எஞ்சின் பழையதைவிட ஏறத்தாழ 95 கிலோ கூடுதல் கனம். நல்ல உடற்கட்டுள்ள ஒருவரை முகப்பின் மேல் நிரந்தரமாக உட்கார வைத்து ஓட்டுவது போன்றது இது. எஞ்சினும் நீளம், உயரம். அது அடங்குவதற்காக முகப்பு மூடியில் புடைப்பு வைத்தார்கள். முன்சக்கரத் தாங்கமைப்பைக் கலைத்துவிட்டு, சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குத் தண்டுகள் பொருத்தினார்கள். சக்கரங்களைப் பெரிதாக்கினார்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும் என்று அஞ்சி, சக்கரத்தைக் கூடுதல் சுற்றுகள் சுற்றும்படி பல்லமைப்பை மாற்றினார்கள். இத்தனையும் செய்து வெளியிட்டபோது பத்திரிகைக்காரர்கள் ஒரே குரலில் சொன்னது: "மூக்கு கனம், வளைவில் திரும்ப மறுக்கிறது."

ஏன் மறுக்கிறது? காவடி எடுத்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காவடித் தண்டின் இரு முனையிலும் பாற்குடங்கள் தொங்குகின்றன. நேரே நடக்கையில் துன்பமில்லை. கூட்டத்துக்கு நடுவே சட்டெனத் திரும்ப வேண்டுமென்றால்தான் சங்கடம். குடங்கள் திரும்ப மாட்டேன் என்கின்றன. திரும்பத் தொடங்கிவிட்டாலோ நிற்க மாட்டேன் என்கின்றன. அதே இரண்டு குடங்களையும் இடுப்போடு அணைத்துக்கொண்டால் தாராளமாகத் திரும்பலாம். எடை ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு. இயற்பியலில் இதை நிலைமத் திருப்புத்திறன் என்போம். நடுவிலிருந்து உள்ள தொலைவு இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். சிறிய காரில் எஞ்சின் இருப்பது நடுவில் அன்று, ஒரு முனையில். அங்கே கூடுகின்ற ஒவ்வொரு கிலோவும் தொலைவின் இருமடிக் கணக்கில் வட்டி கேட்கிறது. முன் டயர்கள் அந்த வட்டியைக் கட்ட முடியாமல் வழுக்குகின்றன. கார் வளைவின் வெளிப்புறம் நோக்கி அகன்று போகிறது.

எம்.ஜி.சி. இரண்டே ஆண்டுகளில் 1969இல் நின்றுபோயிற்று. ஏறத்தாழ ஒன்பதாயிரம் கார்கள்தான். நேரான நெடுஞ்சாலையில் அது நல்ல தோழன் என்றும், இன்றைய டயர்களோடு அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை என்றும் அதன் அன்பர்கள் வாதிடுவர். அதில் நியாயம் உண்டு. 1968இல் இளவரசராயிருந்த சார்லஸ் வாங்கிய கார் எம்.ஜி.சி. ஜி.டி.தான்; பிறகு மகனுக்குக் கொடுத்தார். அரச குடும்பம் பொறுத்துக்கொண்டதைச் சந்தை பொறுக்கவில்லை.

இனி மற்றொரு கதை. இது எனக்கு மிகவும் பிடித்த கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்வேன்.

அமெரிக்காவில் ப்யூக் கம்பெனி 1961ஆம் ஆண்டுக் கார்களுக்கென ஓர் எட்டு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது. நான்கு நான்காக இரு வரிசை, ஆங்கில எழுத்தான 'வி' வடிவில். கொள்ளளவு மூன்றரை லிட்டர். புதுமை என்னவென்றால், அதன் உடலும் தலையும் அலுமினியம். அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய எஞ்சினை அலுமினியத்தில் வார்ப்பது எளிதன்று. வார்ப்பில் நுண்துளைகள் விழுந்தன, செலவும் மிகுந்தது. அதற்குள் இரும்பையே மெல்லிய சுவராக வார்க்கும் கலை வளர்ந்துவிட்டது. 1963ஆம் ஆண்டு மாதிரிகளோடு அமெரிக்கர்கள் அதைக் கைவிட்டார்கள். இங்கிலாந்தின் ரோவர் கம்பெனித் தலைவர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், படகு எஞ்சின் விற்பனை தொடர்பாக அமெரிக்கா சென்றவர், ஒரு தொழிற்கூடத்தின் தரையில் இது கிடந்ததைக் கண்டார். அளந்து பார்த்தார். உரிமையை வாங்கும் முயற்சியில் இறங்கினார். 1965இல் அது ரோவரின் கைக்கு வந்தது. தாய்நாடு எறிந்ததை வேறு நாடு எடுத்து வளர்த்தது. 1967 முதல் ரோவர் கார்களிலும், 1970 முதல் ரேஞ்ச் ரோவரிலும் ஓடிய அந்த எஞ்சின், லேண்ட் ரோவர் வண்டிகளில் 2000க்குப் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உடன்பிறப்பான ஓல்ட்ஸ்மொபீல் எஞ்சினின் அடிக்கட்டையைக் கொண்டு உருவான ரெப்கோ எஞ்சினால்தான் ஜாக் பிராபம் 1966இல் உலகப் பந்தயப் பட்டத்தை வென்றார். எறிந்தவர்கள் வருந்தியிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

கென்ட் மாவட்டத்தில் கென் கோஸ்டெல்லோ என்றொரு பந்தயக்காரர் இருந்தார். மினி கார்களை ஓட்டிப் பெயரெடுத்தவர். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் இந்த அலுமினிய எஞ்சினை எம்.ஜி.பி.யின் கூட்டுக்குள் இறக்கினார். அவர் கண்டது ஒரு சிறு வியப்பு. எட்டு சிலிண்டர், கொள்ளளவு பழையதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஆனால் எடையோ பழைய இரும்பு நான்கு சிலிண்டரைவிடக் கூடுதலன்று, சற்றுக் குறைவு என்றே கணக்கிடுவர். 'வி' வடிவமாதலால் நீளமும் குறைவு. தீத்தடுப்புச் சுவரை நெருங்கி, காரின் நடுவை நோக்கிச் சற்றுப் பின்னே உட்கார்கிறது. காவடிக் குடம் இடுப்போடு ஒட்டிக்கொண்டது! முன்சக்கரங்களுக்கு எஞ்சின் மாறிய செய்தியே தெரியவில்லை என்று சொல்லலாம்.

கோஸ்டெல்லோவின் கார்கள் விற்றன. தொழிற்சாலைக்காரர்கள் அவருடைய கார் ஒன்றை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு, 1973இல், எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 என்ற பெயரில் தாங்களே வெளியிட்டார்கள். அவர் கார்ப்யுரேட்டரை மேலே வைத்ததால் முகப்பில் புடைப்பு வந்தது. இவர்கள் அதை எஞ்சினுக்குப் பின்புறம் தள்ளிப் புடைப்பில்லாமல் முடித்தார்கள். 137 குதிரைச் சக்தி, எம்.ஜி.சி.யைவிட எட்டு குறைவு. ஆயினும் எல்லா வகையிலும் அதைவிடச் சிறந்த கார். குதிரைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த எட்டைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். அதே ஆண்டின் இறுதியில் பெட்ரோல் நெருக்கடி வந்து, விலையும் கூடுதலாயிருந்ததால், 2,591 கார்களோடு 1976இல் அதுவும் நின்றது. ஆனால் எம்.ஜி.சி. நின்ற காரணத்தால் அன்று. கருத்து சாகவில்லை: 1992இல் அந்தப் பழைய உடலை வைத்தே எம்.ஜி. ஆர்.வி.-8 என்று ஒரு காரை மீண்டும் செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போயிற்று.

எடை சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. பேராவல் கொண்டவர்கள் வழுக்கி விழுகிற இரண்டாவது இடம் இது. எம்.ஜி.பி.யின் உச்சவேகம் மணிக்கு ஏறத்தாழ 165 கிலோமீட்டர். வி-8இன் உச்சவேகம் 200. கூடியது 35தானே என்று தோன்றும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாகையால், நிறுத்தும்போது பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிட்டது. 1,100 கிலோ காரை 200 கிலோமீட்டரிலிருந்து ஒரே மிதியில் நிறுத்தினால், ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் எழுகிறது. அத்தனையும் பெரும்பாலும் முன்சக்கரத் தட்டுகள் இரண்டில் சில விநாடிகளுக்குள் இறங்குகிறது. தொழிற்சாலை முன் தட்டுகளைத் தடிமனாக்கிப் பிடிப்புகளையும் மாற்றியது இதனால்தான். நம் பட்டறைகளில் எஞ்சினுக்குச் செலவிட்டுக் களைத்துப்போனவர்கள் பிரேக்கை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவதுண்டு. அந்த 'அப்புறம்' எதிரே வருகிற மிதிவண்டிக்காரனின் தலையில் விடியக்கூடும்.

முறுக்கு விசையும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காயிற்று. கிளச்சு, கியர்ப் பெட்டி, பின் அச்சு ஆகிய எல்லாம் இதைத் தாங்க வேண்டும். எரிபொருளில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளிர்நீர் வழியே வெளியேறுகிறது. ஆகவே ரேடியேட்டரும் வளர வேண்டும். அதற்குக் காற்று புகவும், புகுந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். இந்தச் சில்லறைகளைக் கவனியாத அவசரத்துக்குச் சன்பீம் டைகர் ஒரு வேடிக்கையான சான்று. ரூட்ஸ் கம்பெனியின் ஆல்பைன் என்ற மென்மையான காருக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர் வி-8 எஞ்சினைத் திணித்து 1964இல் வெளியிட்டார்கள். எந்த எஞ்சின் உள்ளே போகும் என்று பார்க்க, கலிபோர்னியாவில் இருந்த அதிகாரி அளவுகோலைக் கொடுத்து ஆளனுப்பிக் கடை கடையாக அளக்கச் சொன்னார் என்பது புகழ்பெற்ற கதை. போயிற்று; ஆனால் மட்டுமட்டாகப் போயிற்று. உற்பத்தியின்போது வர்ணம் பூசிய தீத்தடுப்புச் சுவரைச் சம்மட்டியால் அடித்து ஒடுக்கித்தான் எஞ்சினை இறக்கினார்களாம். பின்புறத் தீப்பொறிச் செருகி ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் காருக்குள் உட்கார்ந்து, சுவரிலுள்ள துளை வழியாகக் கைவிட வேண்டும். கோடையில் கொதிநீர்த் தொல்லை. பிறகு ரூட்ஸ் கம்பெனி கிரைஸ்லர் கைக்கு மாறியது. தன் காருக்குள் போட்டிக் கம்பெனியான ஃபோர்டின் எஞ்சின் இருப்பது கிரைஸ்லருக்கு வெட்கம். தன் எஞ்சினை வைக்கலாமென்றால் இடமில்லை. 1967இல் புலி மாண்டது.

அந்த டைகரின் முதல் மாதிரியைச் செய்தவர்களுள் ஒருவர் கரோல் ஷெல்பி. அதற்கு முன்பே, 1962இல், இங்கிலாந்தின் ஏ.சி. ஏஸ் என்ற இலகுவான காருக்குள் ஃபோர்டு எஞ்சினை வைத்துக் கோப்ரா என்ற காரைப் படைத்தவர். எஞ்சின் மாற்றத்துக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கார் அது. ஆனால் சொல்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். முதலில் வைத்தது மெல்லிய வார்ப்பில் செய்த சிறிய எஞ்சின். பழைய சட்டம் தாங்கியது. ஏழு லிட்டர் எஞ்சினை வைக்க முற்பட்டபோது பழைய சட்டம் போதவில்லை. 1965இல் மூன்று அங்குலக் குழாய்களுக்குப் பதில் நான்கு அங்குலக் குழாய்களும், பட்டைவில்லுக்குப் பதில் சுருள்வில்லும் கொண்டு புதிய சட்டமே செய்தார்கள். அதாவது, எஞ்சினை மாற்றுவதற்காகக் காரையே மாற்றினார்கள். மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு என்ன ஆகும் என்று அறிந்த நமக்கு இது புதிதன்று. (ஷெல்பி இதய நோயால் 1960இல் பந்தயத்தை விட்டவர், 1990இல் அவருக்கே மாற்று இதயம் பொருத்தினார்கள். அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மருத்துவர்கள் எடைக் கணக்கைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும்!)

பெருமளவு மாற்றிய கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்ய இங்கிலாந்தின் வாகன அலுவலகம் நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. அடிச்சட்டத்துக்கு ஐந்து, தாங்கமைப்பு, அச்சுகள், கியர்ப் பெட்டி, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கு ஒன்று. பதினான்கில் ஒன்று! எஞ்சினே கார் என்று எண்ணுகிற இரு கட்சியாருக்கும் இந்தக் கணக்கைக் காட்ட விரும்புகிறேன். மூலவரைப் பெயர்த்துவிட்டார்கள் என்று அழுகிற நண்பரே, அது மூலவர் இல்லை. குதிரைகளை எண்ணி மகிழ்கிற நண்பரே, மீதிப் பதின்மூன்றை என்ன செய்தீர்?

பழமை போற்றுவோர் சொல்வதில் நான் ஏற்றுக்கொள்வதும் உண்டு. கொஞ்சமே செய்யப்பட்ட கார், பிறந்தபோது இருந்த எஞ்சினோடு இன்றும் மூச்சுவிடுகிறதென்றால், அதில் கைவைப்பது எனக்கும் உடன்பாடன்று. அது ஓர் ஓலைச்சுவடி. ஆனால் ஐந்து லட்சம் அச்சான புத்தகத்தின் ஒரு படியை, அதுவும் எஞ்சினை இழந்து துருப்பிடித்துக் கிடப்பதை, ஒருவன் எடுத்து நன்றாகச் செய்தால் அதைப் பாவம் என்று ஏன் சொல்ல வேண்டும்? ஒரே ஒரு நிபந்தனை விதிப்பேன்: உலோகத்தை வெட்டாதே. பழைய எஞ்சினை எண்ணெய் தடவிப் பெட்டியில் வை. நாளை வேறொருவன் திரும்பப் பொருத்த விரும்பினால் திருகாணியால் முடிய வேண்டும்; வெல்டிங் தீயால் முடியக் கூடாது.

இந்த வழக்கில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாத பங்கு. அதே அலுமினிய வி-8 எஞ்சினுக்கென்றே ரோவர் 1976இல் எஸ்.டி.-1 என்ற அழகிய பெருங்காரை வெளியிட்டது. அதன் உடலைச் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் செய்தது. உள்ளே வைத்தது எதை? பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின். எண்பது சொச்சம் குதிரைச் சக்தி. இங்கே எஞ்சின் மாற்றம் தலைகீழாக நடந்தது. இளங்குதிரைக்கென்று செய்த தேரில் கிழமாட்டைப் பூட்டினார்கள். மூன்றே ஆண்டுகளில் தேர் நின்றது. பிறகு தொழிற்சாலையும் மூடியது. எங்கள் ஊர்ப்பக்கம் அந்தக் காரை வைத்திருந்தவர்களைப் பற்றி இன்றும் பரிவோடு பேசுவார்கள். காருக்கும் எஞ்சினுக்கும் பொருத்தம் பாராமல் மணம் முடித்தால், சிறிய எஞ்சினும் கெடுக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

இன்று நம்மிடையே சிலர் செய்ய விரும்புவது வேறு. பழைய காருக்குள் கழிவுச் சந்தையில் வாங்கிய பெரிய எஞ்சினை இறக்கிச் சாலையில் விட நினைக்கிறார்கள். அவர்கள் முன்னே சட்டம் நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உற்பத்தியாளரின் விவரத்துக்கு மாறான மாற்றம் கூடாது என்று உறுதிப்படுத்திற்று.

இதை நண்பர்கள் கொடுமை என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிரேக்கைச் சோதிக்காமல் எஞ்சினை மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கும் வரை, சாலையில் நடக்கிறவர்களுக்குச் சட்டம்தான் துணை. ஆனால் அதே பிரிவு, பெட்ரோலுக்குப் பதில் வாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற இடம் கொடுக்கிறது. அங்கீகரித்த கருவித் தொகுப்பாயிருக்க வேண்டும், அவ்வளவே. மின்கலம் என்ன, இலவம்பஞ்சா? நூற்றுக்கணக்கான கிலோ எடை வரக்கூடும். அதைச் சோதித்து ஒப்புதல் தர வழி கண்டவர்களால், அலுமினிய எஞ்சினைச் சோதித்து ஒப்புதல் தரவும் முடியும். தனி வண்டி ஒவ்வொன்றையும் தனியே நிறுத்தி, பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்த்து ஒப்புதல் வழங்கும் முறை இங்கிலாந்தில் இருக்கிறது. இங்கும் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமை, கணக்கோடு வருகிறவனுக்குத்தான்.

நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் முப்பது ஆண்டு கழித்த என் தாய்மாமனிடம் விடுமுறையில் இந்த வழக்கைச் சொன்னேன். வி-8 பற்றியெல்லாம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "மாப்ளே, வண்டி எத்தனை டன் இழுக்கும்னு கேக்காதே. எந்த அச்சுல எத்தனை விழுதுன்னு கேளு" என்றார்.

ஆகவே நம் மன்றத்தில் அடுத்த முறை யாராவது எஞ்சின் மாற்றப் போவதாக எழுந்து நின்றால், அவரிடம் மூன்று எண்களைக் கேட்கும்படி அன்பர்களை வேண்டுகிறேன்: மாற்றுவதற்கு முன் முன் அச்சின் எடை, மாற்றிய பின் முன் அச்சின் எடை, நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து முறை அடுத்தடுத்து நிறுத்தியபோது பத்தாவது முறை கார் நின்ற தூரம். மூன்றாவதற்கு மூடிய ஓடுதளம் வேண்டும். சாலையில் செய்யக் கூடாது. முதல் இரண்டுக்கு லாரி எடைமேடை போதும். பெரிய சாலைகளில் நாலு மைலுக்கு ஒன்று இருக்கிறது. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கும் ஒரு சீட்டு. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.